தோப்புக்கு வந்த தூண்டில் நரம்பு



தை பிறந்த நாலாம் நாள் கட்டுமாவடிக்குப் போயிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் மார்க்கெட் இரைச்சலைத் தாண்டி உள்ளே திரும்பினால் மாமாவின் தென்னந்தோப்பு. மழை ஓய்ந்த தோப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் உயரத்துக்குப் புல். நடுநடுவே நாயுருவி, கைலியில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வரும். விழுந்த தேங்காயைத் தேடுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். குனிகிற இடத்தில் விரியன் சுருண்டு கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

"புல்லறுக்க ஆள் தேடி மூணு நாளாச்சு மாப்ளே. இனி இதுதான்" என்று கொட்டகையிலிருந்து மெஷினைத் தூக்கி வந்தார் மாமா. நீளக் குழாய், மேல் முனையில் சின்ன பெட்ரோல் எஞ்சின், கீழ் முனையில் பம்பரம் மாதிரி ஒரு தலை, தலையிலிருந்து மீசை போல இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பச்சை நைலான் நரம்பு. கடையில் இதற்குப் பெயர் பிரஷ் கட்டர். ஊரில் புல்லு வெட்டுற மெஷின்.

ஓட்டிப் பார்க்கிற ஆசை எனக்கு. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் ராஜா மாதிரி வீசினேன். புல் சரசரவென்று சாய்ந்தது. அந்தத் தெம்பில் வேலியோரம் போனேன். கடற்கரை ஊர்களில் வேலி எது என்று தெரியுமல்லவா? கடலுக்குப் போய் ஓய்ந்துபோன பழைய வலைதான். 'வ்ர்ர்க்' என்று ஒரு சத்தம். மெஷின் நின்றுவிட்டது. தலையைச் சுற்றி அரை வேலி!

நான் கத்தியை வைத்து ஒவ்வொரு கண்ணியாக அறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோப்பு அண்ணன் வந்து நின்றார். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டும் பங்காளிங்கதானே தம்பி! ரொம்ப நாள் கழிச்சுப் பாத்துருக்கு. கட்டிப் புடிச்சுக்கிச்சு."

கேலிக்குச் சொன்னார். ஊர் திரும்பி இந்த மெஷினின் பூர்வீகத்தைப் படித்துப் பார்த்தால், அவர் சொன்னது அப்படியே உண்மை.

1971. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரம். ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் நடனப் பள்ளி நடத்தியவர், நிலம் வீடு வியாபாரமும் பார்த்தவர். அவர் வீட்டுத் தோட்டத்தில் மரத்தடிப் புல்லை வெட்டுவது பெரிய தொல்லை. வெட்டுகிற மெஷினின் தகடு பட்டையைக் கொத்திவிடும். ஒருநாள் காரைக் கழுவும் நிலையத்துக்குள் உட்கார்ந்திருந்தார். சுழலும் பெரிய பிரஷ்களின் நைலான் இழைகள், நிற்கும்போது தொளதொளவென்று தொங்கின. சுழலும்போது விறைத்து நின்று கார் முழுவதையும் தேய்த்தன. ஆனால் வண்டியின் பெயின்ட் உரியவில்லை. வீட்டுக்கு வந்தார். பாப்கார்ன் அடைத்து வந்த காலி டப்பாவில் ஓட்டை போட்டார். அதில் மீன் பிடிக்கிற கனத்த தூண்டில் நரம்பைக் கோத்தார். ஏற்கெனவே வைத்திருந்த மெஷினின் தகட்டைக் கழற்றிவிட்டு டப்பாவை மாட்டினார். பிறந்தது புல்வெட்டும் நரம்பு மெஷின். 1977-இல் தன் நிறுவனத்தை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்.

ஆக, மரத்தடியில் மரத்துக்கு நோகாமல் புல் வெட்ட வேண்டும் என்பதற்காக, மீனவர் வீட்டிலிருந்து கடன் வாங்கிய நரம்பு இது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மெஷினை ஓட்டுவதும் பராமரிப்பதும் பாதி விளங்கிவிடும். கையில் இருப்பது அரிவாள் என்று நினைப்பவர்கள் அழுத்துகிறார்கள், கொத்துகிறார்கள், ஆறு மாதத்தில் மெஷினை மூலையில் போடுகிறார்கள். "வாங்கினேன், ஓடவில்லை" என்று நமக்கு வந்த கடிதங்களின் கதை பெரும்பாலும் இதுதான். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை மெஷினுக்கே கொடுத்துவிட்டேன்.

முதல் பாடம் எண்ணெயில். உங்கள் மெஷின் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று முதலில் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்கென்று தனி அறை கிடையாது. பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் நனைக்கிறது. 1980-இல் ஓசூரிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராய்ச் சுற்றிய டிவிஎஸ் 50-ஐ ஓட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டாம். பங்கில் பெட்ரோல் போட்ட கையோடு 2டி ஆயிலையும் கேட்டு வாங்கிய தலைமுறை அது. அந்த வண்டிகள் போன பிறகு பிறந்த பிள்ளைகள்தான் வெறும் பெட்ரோலை ஊற்றிவிடுகிறார்கள். சில நிமிடம் நன்றாகவே ஓடும். பிறகு பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அதோடு கதை முடிந்தது.

கணக்கு எளிது. மெஷினோடு வந்த புத்தகம் 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண் அளவு வேண்டாம், அளவுக் குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். டேங்குக்குள் கலக்காமல் தனிக் கேனில் கலந்து, குலுக்கி, பிறகு ஊற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் தனியாக அதன் அறைக்குள் போகும். ஒவ்வொரு முறையும் அளவைப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை இழுக்க வேண்டும்.

பெட்ரோல் பற்றி இன்னொரு சங்கதி. 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் இ20 பெட்ரோல் வந்தது. நூற்றில் 20 பங்கு எத்தனால். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. கட்டுமாவடி மாதிரி கடற்காற்று எந்நேரமும் வீசுகிற ஊரில், பாதி டேங்க் பெட்ரோலோடு மெஷினை இரண்டு மாதம் மூலையில் சாய்த்து வைத்தால் என்ன ஆகும்? உள்ளே தண்ணீர் சேரும், கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர்த் தகடு கெட்டுப்போகும். அடுத்த மழைக்குப் பிறகு கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஓய்வு கொடுப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும் வரை ஓடவிட்டு, தானாக அணைந்த பிறகு எடுத்து வையுங்கள்.

கிளப்புவதற்கும் ஒரு வரிசை உண்டு. தலை எதிலும் படாமல் மெஷினைத் தரையில் படுக்க வையுங்கள். பெட்ரோல் குமிழை ஏழெட்டு முறை அமுக்குங்கள். சோக்கைப் போடுங்கள். இடது கையால் மெஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் கயிற்றை இழுங்கள். கயிற்றை விரலில் சுற்றிக்கொள்ள வேண்டாம், பின்னுக்கு உதறினால் விரலோடு போகும். 'புட்' என்று ஒரு சத்தம் கேட்டதும் சோக்கை எடுத்துவிட்டு மறுபடி இழுத்தால் பிடித்துக்கொள்ளும். அந்த முதல் 'புட்' சத்தத்தைக் கவனிக்காமல் சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்துவிடும். அப்போது பிளக்கைக் கழற்றித் துடைத்து, பிளக் இல்லாமலே நாலைந்து தடவை கயிற்றை இழுத்து, பிறகு மாட்ட வேண்டியதுதான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது தலை சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் திருகைச் சரிசெய்யாமல் தோளில் மாட்டாதீர்கள்.

இனி வெட்டு. நரம்புக்குக் கூர் கிடையாது, வேகம் மட்டும்தான். அதனால் ஆக்சிலேட்டரை முழுதாகப் பிடித்து, நுனி ஓர் அங்குலம் மட்டும் புல்லைத் தொடுகிற மாதிரி வீசுங்கள். நரம்பு முழுவதையும் புல்லுக்குள் திணித்தால் வேகம் செத்து, புல் தலையில் சுற்றிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மெஷின்களில் தலை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். காப்புத் தகட்டில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அப்படியானால் வலமிருந்து இடமாக வீசுவதே முறை. வெட்டாத புல் வலக்கைப் பக்கம் இருக்க, வெட்டிய புல் இடப்பக்கம் வரிசையாக விழுந்துகொண்டே வரும். மொட்டையடிக்க வேண்டாம், மூன்று அங்குலம் விடுங்கள். கட்டுமாவடி மணலில் ஈரத்தையும் மண்ணையும் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்லின் வேர்தான். கடலோர மேட்டில் படர்ந்திருக்கும் அடும்பங்கொடியைத் தொடவே தொடாதீர்கள். அலையும் காற்றும் மணலை அள்ளிப் போகாமல் காப்பது அதுதான்.

காப்புத் தகடு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் தகட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கத்திதான் நரம்பை அளவாக நறுக்குகிறது. தகடு இல்லாவிட்டால் நரம்பு நீளும், எஞ்சின் திணறும், கல்லும் சிப்பியும் நேராக முழங்காலுக்கு வரும். நரம்பு சீக்கிரம் தேய்கிறது என்று கம்பியைக் கோக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்: தயவுசெய்து வேண்டாம். அறுந்த கம்பித் துண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரிப் போகும். சீமைக் கருவேலங்கன்று, எருக்கு என்று தண்டு தடித்தால் நரம்பை எடுத்துவிட்டு இரும்புத் தகடு மாட்டுங்கள். தகட்டைக் கடிகார முகமாக நினைத்தால், 12-க்கும் 3-க்கும் நடுவே உள்ள பகுதி கட்டையில் பட்டால் மெஷின் உங்களையே தூக்கி எறியும். இடப்பக்கத்தால் வெட்டுங்கள்.

ஓட்டுகிறவர் உடுப்பைப் பற்றிச் சொன்னால் மாமா கோபித்துக்கொள்வார். கைலி, ரப்பர் செருப்பு, கழுத்தில் துண்டு என்றுதான் அவர் நின்றார். மூன்றும் ஆகாது. துண்டின் ஒரு நுனி போதும், மெஷின் உள்ளே இழுத்துக்கொள்ள. முழுக்கால் சட்டை, கம் பூட்ஸ், கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி, காதுக்கு அடைப்பான். பூட்ஸ் கல்லுக்கு மட்டும் இல்லை, விரியனுக்கும் சேர்த்துத்தான். 15 மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது. காப்பி கொண்டுவரும் அத்தை பின்னாலிருந்து கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது. எதிர்ப்பக்கமாக வந்து தூரத்தில் நின்று கையைக் காட்ட வேண்டும் என்று வீட்டில் இன்றே சொல்லிவையுங்கள்.

இப்போது தென்னைக்கு வருகிறேன். இந்தக் கடிதமே இதற்காகத்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று அது வந்த பாதையெல்லாம் தென்னை சாய்ந்தது. மாமா தோப்பிலும் தாத்தா வைத்த மரங்கள் பாதிக்கு மேல் போயின. மறு வருடம் கன்று வைத்தார்கள். நாம் அதைக் கன்று என்றா சொல்கிறோம்? தென்னம்பிள்ளை என்கிறோம். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடமாகும். நான் போனபோது அந்தப் பிள்ளைகளில் சில முதல் பாளை விட்டிருந்தன. மாமா ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், பேத்திக்குக் காது குத்தினதைக் காட்டுகிற மாதிரி.

நாலைந்து பிள்ளைகளின் அடியில் வளையம் வளையமாக வெளிறிய தழும்பு. வேறொன்றுமில்லை, தூரை ஒட்டிப் புல் வெட்டுகிறேன் என்று போன வருடம் யாரோ நரம்பால் அடித்த அடி. வேம்பும் மாவும் பட்டை உரிந்தால் ஓரத்திலிருந்து புதுப் பட்டை வளர்த்து மூடப் பார்க்கும். தென்னையும் பனையும் அந்த வகை மரங்கள் இல்லை. பட்டைக்குக் கீழே புதிதாக வளர்ந்து காயத்தை மூடுகிற அடுக்கு அவற்றுக்குக் கிடையாது. பட்ட காயம் ஆயுசுக்கும் இருக்கும். காயத்திலிருந்து வரும் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும், அங்கே முட்டையிடும். புழு உள்ளே குடைந்து தின்னும். துளையில் பழுப்பு நிறச் சாறு வடிவதை நாம் பார்ப்பதற்குள் பாதி மரம் உள்ளே கூடாகியிருக்கும். புயலுக்குத் தப்பிய பிள்ளையை நாமே வண்டுக்குக் கொடுக்கலாமா? மரத்துக்கு நோகக் கூடாது என்று பிறந்த மெஷின், அவசரக்காரர் கையில் அகப்பட்டு மரத்தையே அடிக்கிறது.

இதற்கு வழி பழைய வழிதான். தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப் பாத்தி எடுக்கச் சொல்கிறார்கள் அல்லவா? அந்த வட்டம் மெஷினுக்கு லட்சுமணன் கோடு. உள்ளே கையால் களை எடுத்து, மட்டையையும் உரிமட்டையையும் போட்டு மூடிவிடுங்கள், புல்லே குறையும். மெஷின் வட்டத்துக்கு வெளியே ஓடட்டும். ஓட்டும் முன் ஒரு நடை நடந்து பன்னாடை, கயிறு, பாட்டில் துண்டு, பழைய வலை எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். என் அனுபவம் உங்களுக்கு வேண்டாம். வேலியோரம் அரிவாளே போதும்.

வேலை முடிந்ததும் கால் மணி நேரம் மெஷினுக்கு. உப்புக் காற்றில் கால் மணி நேரத்துக்குச் சோம்பினால் ஒரு வருடத்தில் துரு சொல்லிவிடும். சூடு ஆறிய பிறகு துணியால் துடையுங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள இறக்கைகளில் அடைத்த புல்லை எடுங்கள், காற்றுப் போனால்தான் எஞ்சின் குளிரும். ஏர் ஃபில்டர் பஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவிட்டு மாட்டுங்கள், மணல் உள்ளே போனால் பிஸ்டனை உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். பிளக்கின் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் கூடியிருக்கலாம் அல்லது ஃபில்டர் அடைத்திருக்கலாம். வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிக் காய்கிறது. தலைக்கு மேலே உள்ள கியர்ப் பெட்டியில் ஒரு திருகு இருக்கும், 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அதில் கிரீஸ் கேட்கும். பலரும் மறப்பது அதைத்தான்.

நரம்பு விஷயத்தில் பக்கத்துத் தோப்பு அண்ணன் ஒரு வித்தை சொன்னார். மெஷின் நரம்பு பொட்டுப் பொட்டென்று ஒடிகிறது என்று மாமா புலம்பியபோது, "வெயில்ல காஞ்ச நரம்பு முறியத்தான் செய்யும். ராத்திரி ஒரு வாளித் தண்ணில போட்டு வையி மச்சான். நாளைக்குப் பாரு" என்றார். மறுநாள் சுற்றிப் போட்டோம். நரம்பு வளைந்ததே தவிர ஒடியவில்லை. நைலான் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கிற பொருள். குடித்தால் இளகும், காய்ந்தால் முறுகும். வலையோடு வாழ்கிறவர்களுக்கு இது கைப்பழக்கம், நமக்குச் செய்தி.

அதே அண்ணன்தான் கடைசியில் என்னை யோசிக்கவும் வைத்தார். "ஒரு சுத்து நரம்பு போட்டீங்களே, அது எங்க போச்சு?" என்று கேட்டார். தேய்ந்துவிட்டது என்றேன். "தேஞ்சது எங்க போச்சு?"

மண்ணுக்குத்தான் போனது, பொடிப் பொடியாக, துண்டு துண்டாக. நைலான் மட்காது. நரம்பால் வெட்டிய புல்லை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டால் துண்டும் கூடவே வயிற்றுக்குள் போகும். தீவனத்துக்கு என்றால் தகடு மாட்டி வெட்டுங்கள், இல்லையென்றால் அரிவாள். மீதி? காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாக வந்து மும்பாலைப் பக்கம் முடிகிற கடைமடை இது. இங்கே தரையில் கிடப்பது அடுத்த மழைக்குக் கடலில் கிடக்கும். அந்தக் கடல் எது? தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பாக் விரிகுடாவை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்ததே, அதுதான். நாட்டிலேயே முதலாவது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு மேய்வதும் புல்தான், கடற்புல். நம் தோப்புப் புல்லை வெட்டிய நரம்பு அதன் புல்வெளிக்குள் போக வேண்டாம்.

மாமா இப்போது கொட்டகைத் தூணில் ஒரு காலி டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அறுந்த நரம்பு கண்ணில் பட்டால் பொறுக்கி அதில் போட வேண்டும். கண்ணில் படாத பொடிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "கம்மியா வெட்டுவோம்" என்றார். வருடத்தில் ஐந்து முறை ஓட்டியதை மூன்றாக்கிவிட்டாராம். நடுவில் பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு அனுமதி. ஆட்டுக்கு 2டி ஆயில் வேண்டாம், பிளக் பார்க்க வேண்டாம். தென்னம்பிள்ளையைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாங்குகிற யோசனையில் இருப்பவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். 'புதர் அகற்றும் கருவி' என்ற பெயரில் மானியப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. உங்கள் ஊரில் இந்த மெஷினை என்னவென்று கூப்பிடுகிறீர்கள், எதில் மாட்டிக்கொண்டு முழித்தீர்கள் என்றும் எழுதுங்கள். நான் வலையில் மாட்டியதைச் சொல்லிவிட்டேன், நீங்களும் கூச்சப்பட வேண்டாம்.

கட்டுமாவடியிலிருந்து திரும்பிய அன்று சட்டைப் பையில் நாலு அங்குலப் பச்சை நரம்பு ஒன்று கிடந்தது. டப்பாவில் போட மறந்திருக்கிறேன். இப்போது இந்த இதழின் புரூஃப் தாள்களுக்கு நடுவே பக்க அடையாளமாக இருக்கிறது. கடலுக்குப் போகாத ஒரு துண்டு.

அன்புடன்,
ஆசிரியர்